விரல் துண்டானால், தசைநாண் அறுந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து வேலைக்குத் திரும்பும் வரை முழு வழிகாட்டி

கை காயம் பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அறுவை சிகிச்சை அருமையாக நடந்தும் விரல் மடங்காமல் போனவர்களை நிறையப் பார்த்தாயிற்று. எங்கே தவறியது என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஒன்று, விபத்து நடந்த முதல் சில மணி நேரம். இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகான முதல் ஆறு வாரம். இரண்டுமே மருத்துவர் பக்கத்தில் இல்லாத நேரம். அதனால்தான் இந்த வழிகாட்டி அந்த இரண்டிலும் அதிகம் நிற்கிறது.

ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் அறுவை மருத்துவர் சொன்னது இங்கே எழுதியிருப்பதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர் அவர்தான்.

## 1. விபத்துக்கு முன்பே செய்து வைக்க வேண்டியது

பவர் பிரஸ், மர ரம்பம், விசைத்தறி, கரும்பு ஜூஸ் இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும் இடத்தில் மூன்று பொருட்கள் இருக்கட்டும்: பிரிக்காத காஸ் துணிப் பொட்டலம், இறுக்கி மூடக்கூடிய பிளாஸ்டிக் பைகள், ஒரு பாட்டில் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்). செலவு சில நூறு ரூபாய்தான்.

நான்காவது, ஒரு தகவல். உங்கள் ஊரிலிருந்து எந்த மருத்துவமனையில் மைக்ரோசர்ஜரி (மைக்ராஸ்கோப்பில் பார்த்து மெல்லிய ரத்தக்குழாய், நரம்புகளைத் தைக்கும் அறுவை) செய்கிறார்கள் என்று இப்போதே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். விரல் துண்டான பிறகு இதைத் தேட ஆரம்பித்தால் இரண்டு மூன்று ஆஸ்பத்திரி மாறி மாறிப் போய் அரை நாள் ஓடிவிடும்.

## 2. ரத்தத்தை நிறுத்துங்கள், ஆனால் கட்டிப் போடாதீர்கள்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கிளம்பும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

அதே நேரத்தில் மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணியில் வீக்கம் ஏறிவிடும், அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க முடியும். வீங்கும் விரலில் மோதிரம் இருந்தால் மிச்சமிருக்கும் ரத்த ஓட்டமும் தடைபடும்.

இங்கே நடக்கும் தவறுகள்:

ரப்பர் பேண்ட், சணல் கயிறு, கர்ச்சீப் என்று கையில் கிடைத்ததை வைத்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுவது. அரைகுறையாக இறுக்கினால் உள்ளே வரும் ரத்தம் வரும், திரும்பிப் போவது மட்டும் நிற்கும். ரத்தப்போக்கு கூடத்தான் செய்யும். முழுக்க இறுக்கி அப்படியே இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் நல்ல சதையும் கெடும். கை முழுவதுமே துண்டாகி, அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீறிடும்போது மட்டும் அகலமான பட்டையை மேல் கையில் கட்டலாம். கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.

காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு வைப்பது. ரத்தம் நிற்பதுபோலத் தெரியும். பிறகு ஆபரேஷன் தியேட்டரில் அதைத் துகள் துகளாகக் கழுவி எடுக்க வேண்டும், கிருமித் தொற்றும் வரும்.

சாப்பிடவோ குடிக்கவோ கொடுப்பது. மயக்கம் வரும் என்று பயந்து சோடா, டீ வாங்கிக் கொடுப்பார்கள். வயிற்றில் உணவு இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால் அறுவை தள்ளிப்போகலாம்.

## 3. துண்டான பகுதியைக் கொண்டுபோகும் முறை

இந்தப் பகுதியை நீங்கள் மட்டும் படித்தால் போதாது, உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவருவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்ட திசு உறைந்து ரத்தக்குழாய்களின் உட்சுவர் கெட்டுவிடும். உறைந்த விரலை ஒட்ட முடியாது.

சரியான வரிசை:

முதலில், அழுக்கு இருந்தால் சலைன் அல்லது சுத்தமான தண்ணீர் ஊற்றி லேசாக அலசுங்கள். தேய்க்கக் கூடாது. டெட்டால், ஸ்பிரிட் எதுவும் கூடாது. கிருமியைக் கொல்லும் அந்த மருந்துகள் மெல்லிய ரத்தக்குழாயையும் கெடுக்கும்.

அடுத்து, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. தண்ணீரில் மிதக்கவிட்டால் திசு ஊறி வீங்கிவிடும்.

அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள்.

கடைசியாக, அந்தப் பையை இன்னொரு பையிலோ டப்பாவிலோ இருக்கும் ஐஸும் தண்ணீரும் கலந்த கலவையில் வையுங்கள். ஐஸ் மட்டும் போடாமல் தண்ணீர் கலப்பதற்குக் காரணம் உண்டு. அப்படிச் செய்தால் குளிர்ச்சி 4 டிகிரி செல்சியஸ் சுற்றிலும் இருக்கும், உறையும் அளவுக்குப் போகாது.

எல்லாத் துண்டுகளையும் எடுத்துப் போங்கள். நசுங்கிப் போய்விட்டது, இது எதற்கு என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒட்ட முடியாத விரலிலிருந்து தோல், நரம்பு, எலும்பு எடுத்துப் பக்கத்து விரலைக் காப்பாற்றுவது உண்டு.

விரல் ஒரு தோல் இழையில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். அந்த இழைக்குள் ஒரு சிரை (ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) ஓடிக்கொண்டிருக்கலாம். முறுகாமல் நேராக வைத்து, ஈரத்துணி சுற்றி, அட்டையோ ஸ்கேலோ வைத்துக் கட்டி அப்படியே கூட்டிப் போங்கள்.

நேரக் கணக்கு இது. விரலில் தசை கிடையாது, அதனால் கொஞ்சம் தாங்கும். குளிரவைக்காத விரல் சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிரவைத்தது சுமார் 24 மணி நேரம் வரை. உள்ளங்கை, மணிக்கட்டு, அதற்கு மேல் துண்டானால் தசை இருப்பதால் கணக்கு பாதியாகிவிடும்: குளிரவைக்காமல் 6 மணி, குளிரவைத்து 12 மணி. இவை எல்லைக் கணக்குகள். அவ்வளவு நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

## 4. எங்கே போவது

காயத்தை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் போன கை ஒன்று, ரத்த ஓட்டம் உள்ள கை இன்னொன்று.

விரல் துண்டாகிவிட்டது, அல்லது ஒட்டிக்கொண்டிருந்தாலும் வெளுத்துக் குளிர்ந்து கிடக்கிறது என்றால் மைக்ரோசர்ஜரி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அரசுத் தரப்பில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 108 ஆம்புலன்ஸில் ஏறும்போதே விரல் துண்டாகியிருப்பதைச் சொல்லுங்கள். போகும் வழியிலேயே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தால் தியேட்டரைத் தயார் செய்து வைப்பார்கள்.

விரல் இளஞ்சிவப்பாகச் சூடாக இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை அல்லது மரத்திருக்கிறது என்றால் நடுராத்திரியில் 200 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. அருகில் உள்ள மருத்துவமனையில் காயத்தைக் கழுவி, தடுப்பூசி போட்டு, தோலை மூடிக்கொண்டு ஓரிரு நாளுக்குள் கை அறுவை மருத்துவரிடம் போகலாம். அறுந்த தசைநாணை (தசையை எலும்போடு இணைத்து விரலை அசைக்கும் நார்) முதல் வாரத்துக்குள் தைப்பது நல்லது. நாளாக ஆக அது உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும், மூன்று நான்கு வாரம் தாண்டினால் நேரடியாகத் தைக்கவே முடியாமல் போகலாம்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். பெயின்ட் ஸ்பிரே கன், கிரீஸ் கன் இவற்றின் முனை விரலில் பட்டு உள்ளே பீய்ச்சிவிட்டால் வெளியே ஊசி குத்திய அளவு துளைதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. பிளாஸ்திரி ஒட்டி வேலையைத் தொடர்வார்கள். உள்ளே போன ரசாயனம் விரல் முழுக்கப் பரவி திசுவை அழித்துக்கொண்டிருக்கும். அன்றே, அப்போதே போக வேண்டிய காயம் அது.

## 5. தையல் போடும் முன் கேட்க வேண்டியது

கண்ணாடி குத்தியது, கத்தி வெட்டியது என்று சின்ன வெட்டுக்காயத்தோடு போனவருக்கு மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. காயம் அழகாக ஆறிவிடும். இரண்டு மாதம் கழித்துத்தான் விரல் நுனி மடங்கவில்லை என்பது தெரியும். இதைத் தவிர்க்க நீங்களே இரண்டு சோதனை செய்யலாம்.

மடக்கும் சோதனை: விரலின் நடு மூட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். பிறகு மற்ற விரல்களை நேராகப் பிடித்து இந்த விரலை நடு மூட்டில் மடக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் தசைநாண் இரண்டு. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று மடக்கிக் காட்டி ஏமாற்றிவிடும், அதனால்தான் தனித்தனியாகப் பார்க்கிறோம்.

உணர்ச்சிச் சோதனை: விரலின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் தனித்தனியாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு நரம்பும் ஒரு தமனியும் (ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் குழாய்) ஓடுகின்றன. மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

மருத்துவரிடம் பேசும்போது "நரம்பு கட்டாயிடுச்சா" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். எலும்பு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய் நான்கில் எது எது அறுந்தது, எது தைக்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு வாரத்தின் பயிற்சியும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாட்டிக், எக்ஸ்ரே மூன்றும் நடந்ததா என்று பாருங்கள். துண்டான விரலுக்கும் எக்ஸ்ரே உண்டு.

## 6. ஒட்டுவதா, மூடுவதா

துண்டான விரலை மறுபடி ஒட்டுவதா, ஒட்டாமல் மிச்சமிருக்கும் நுனியைத் தோலால் மூடித் தைத்துவிடுவதா என்று குடும்பம் தடுமாறும் இடம் இது. "எப்படியாவது ஒட்டிவிடுங்கள்" என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. அது இயல்புதான். ஆனால் ஒட்டிய விரல் உயிரோடு இருப்பது வேறு, அந்தக் கை பயன்படுவது வேறு.

கட்டைவிரல் என்றால் முடிந்தவரை ஒட்டவே பார்ப்பார்கள். பிடிப்பு முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. பல விரல்கள் ஒரே நேரத்தில் போயிருந்தாலும், குழந்தையாக இருந்தாலும், உள்ளங்கை அல்லது மணிக்கட்டில் துண்டாகியிருந்தாலும் அப்படித்தான்.

பெரியவருக்கு ஒரே ஒரு விரல், அதுவும் அடிப்பகுதியில் துண்டாகியிருந்தால் மருத்துவர் தயங்குவார். அங்கே ஒட்டிய விரல் பெரும்பாலும் விறைத்துப் போகும். விறைத்த ஆள்காட்டி விரலை ஒதுக்கிவிட்டு நடுவிரலைப் பயன்படுத்தக் கை தானாகவே பழகிவிடும், அந்த விரல் குறுக்கே நிற்கும் இடைஞ்சலாகிவிடும். நசுங்கிப் பிய்ந்த விரல், இரண்டு மூன்று இடத்தில் துண்டான விரல் இவற்றில் ரத்தக்குழாய் நீளம் முழுக்கக் கெட்டிருக்கும். ஒட்டினாலும் ரத்த ஓட்டம் நிலைக்காது.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ஒட்டினால் எத்தனை மூட்டு மடங்கும்? எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது? மூடிவிட்டால் எத்தனை வாரத்தில் திரும்பலாம்? கட்டைவிரல் போய்விட்டால் பிறகு கால்விரலை எடுத்து வைக்க வழி உண்டா? தினக்கூலிக்குப் போகும் ஒருவர் மூடிவிடச் சொல்வது தோல்வி இல்லை. பல நேரம் அதுதான் அவருக்குச் சரியான முடிவு.

## 7. தியேட்டருக்குள் நடப்பது

வெளியே காத்திருப்பவர்களுக்கு நேரம் ஏன் இவ்வளவு ஆகிறது என்று புரிந்தால் பதற்றம் குறையும். ஒரு விரலுக்கே பல மணி நேரம் போகும்.

கெட்ட திசுவை வெட்டிக் கழுவுவது முதல் வேலை. பிறகு எலும்பைச் சற்றுக் குறைத்துக் கம்பி போட்டு நிறுத்துவார்கள். குறைப்பதால்தான் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் இழுபடாமல் சேரும், அதனால் ஒட்டிய விரல் கொஞ்சம் குட்டையாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்து நீட்டும் தசைநாண், மடக்கும் தசைநாண். அதன் பிறகு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலில் தமனி, நரம்பு, சிரை. கடைசியில் தோல், அதையும் இறுக்காமல். எலும்பு அசைந்துகொண்டிருந்தால் தைத்த குழாய் பிய்ந்துவிடும், அதனால் கெட்டியானது முதலில், மெல்லியது பிறகு.

## 8. வார்டில் முதல் சில நாட்கள்

ஒட்டிய விரலுக்கு முதல் மூன்று நாள் மிக முக்கியம். நர்ஸ் மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். உடனிருப்பவரும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பாகச் சூடாக இருந்தால் நல்லது. நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்து, குளிர்ந்து, சுருங்கினால் உள்ளே வரும் ரத்தம் தடைபட்டிருக்கிறது. நீலம் பாரித்து உப்பினால் வெளியே போகும் ரத்தம் தடைபட்டிருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். சில நேரம் கட்டைத் தளர்த்தினாலே சரியாகும், சில நேரம் மறுபடி தியேட்டர். நீலம் பாரித்த விரலில் அட்டைப்பூச்சி விட்டு ரத்தத்தை இழுக்க வைப்பதும் உண்டு, கண்டு அதிர வேண்டாம்.

பீடி, சிகரெட் முழுக்க நிறுத்த வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நோயாளி மட்டும் நிறுத்தினால் போதாது, அருகில் யாரும் புகைக்கவும் கூடாது. டீ, காப்பியையும் பல பிரிவுகளில் நிறுத்தச் சொல்வார்கள், அதே காரணம்தான். அறையும் உடம்பும் கதகதப்பாக இருக்கட்டும், ஏசியின் குளிரைக் குறையுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசம் சாதத்திலேயே வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் நன்றாகக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் வையுங்கள், சீழுக்கு அதுதான் பெரிய காரணம்.

## 9. கையைத் தூக்கி வைப்பது

வீக்கம் இருக்கும்வரை விரல் மடங்காது, தேங்கிய நீர் நாளடைவில் இறுகி மூட்டைப் பூட்டிவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கை நெஞ்சுக்கு மேலே இருப்பது. படுக்கும்போது இரண்டு தலையணை. உட்காரும்போது மேசைமேல் முட்டுக் கொடுத்து.

கழுத்தில் தொங்கும் துணித் தொட்டில் பார்க்கச் சரியாகத் தெரியும். ஆனால் பெரும்பாலும் விரல்கள் முழங்கையைவிடக் கீழே தொங்குவதுபோலத்தான் கட்டுகிறார்கள், அப்படிக் கட்டினால் வீக்கம் கூடும். வெளியே போகும்போது மட்டும் போடுங்கள், விரல் நுனி எதிர்த் தோளைப் பார்த்திருக்கட்டும்.

கட்டுக்குள் இல்லாத விரல்கள், முழங்கை, தோள் எல்லாவற்றையும் தினமும் அசையுங்கள். விரல் காயத்துக்கு வந்து, கடைசியில் தோள் விறைத்து அவதிப்பட்டவர்கள் உண்டு.

## 10. மடக்கும் தசைநாண்: வாரம் வாரமாக

உள்ளங்கையின் மேல் ரேகைக்கும் விரலின் நடு எலும்புக்கும் இடையே இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகிய குழாய்க்குள் ஓடுகின்றன. அங்கே தைத்ததை அசைக்காமல் விட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதிகமாக அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 12 வாரம் நடக்க வேண்டும்.

முதல் வாரம். கையின் பின்பக்கம் ஸ்பிளின்ட் (கையை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் கெட்டியான தாங்கி) போடுவார்கள். விரல்கள் அடி மூட்டில் மடங்கி, நடு மூட்டும் நுனி மூட்டும் நேராக இருக்கும். தசைநாண் இழுபடாமல் காப்பது அந்த நிலைதான். பயிற்சி வழக்கமாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தொடங்கும். வீக்கம் கொஞ்சம் வடியட்டும் என்றுதான் அந்த இடைவெளி.

ஆறாம் வாரம் முடியும் வரை. ஸ்பிளின்டைக் கழற்றக் கூடாது. குளிக்கும்போதும் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு. ஸ்பிளின்டுக்குள்ளேயே, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை சுமார் பத்துத் தடவை, மற்ற கையால் விரலை மெதுவாக மடக்கிவிட்டு, ஸ்பிளின்ட் தடுக்கும் வரை தானாக நீட்ட வேண்டும். எப்போதும் மற்ற கையால் முழுக்க மடக்கிய பிறகுதான் விரலைத் தானாக அசைப்பது. மூட்டு இறுகியிருக்கும்போது தசைநாண் இழுத்தால் சுமை முழுவதும் தையலில் விழும். உறுதியான தையல் போட்டிருந்தால், மடக்கி வைத்ததை அங்கேயே லேசாகப் பிடித்து நிறுத்தச் சொல்வார்கள். மடக்கிக் காட்டச் சொன்னால் முழு முஷ்டி பிடித்துக் காட்டாதீர்கள், அரை முஷ்டி போதும்.

தைத்த இடம் மிகவும் தளர்வது ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை. வலி குறைந்து, தையல் பிரித்து, "சரியாகிவிட்டது" என்று தோன்றுவதும் அதே வாரத்தில்தான். தையல் விட்டுப்போவது எப்படியென்று கேட்டால் எல்லாம் சாதாரண வேலைகள்: பேருந்தில் கம்பியைப் பிடித்தது, லுங்கியை இறுக்கிக் கட்டியது, படுக்கையிலிருந்து கையை ஊன்றி எழுந்தது, குழந்தை விழப்போகிறதே என்று எட்டிப் பிடித்தது, பைக் கிளட்சைப் பிடித்துப் பார்த்தது. திடீரென "டப்" என்று ஓர் உணர்வு, அதன் பிறகு விரல் மடங்காது. அப்படி நடந்தால் திட்டுவார்களோ என்று ஒளிக்காமல் அன்றே போங்கள். சீக்கிரம் போனால் மறுபடி தைக்க வாய்ப்பு இருக்கிறது.

ராத்திரியில் விரல்களை ஸ்பிளின்டோடு சேர்த்து நேராகப் பட்டையால் கட்டுங்கள். இதைத் தவறவிட்டவர்களுக்கு நடு மூட்டு வளைந்தபடியே நின்றுவிடும். அதை நிமிர்த்துவது மடக்கப் பயிற்றுவிப்பதைவிடக் கஷ்டம்.

6 முதல் 8 வாரம். ஸ்பிளின்ட் படிப்படியாகக் கழலும். லேசான வேலைகள் மட்டும்: பட்டன் போடுவது, காகிதம் புரட்டுவது, சாப்பிடுவது. மணிக்கட்டையும் விரலையும் ஒரே நேரத்தில் பின்னால் வளைத்து நீட்ட வேண்டாம்.

8 முதல் 12 வாரம். மென்மையான பந்து, களிமண் பிசைவது போன்ற வலுப் பயிற்சி. குடம், சிலிண்டர், சிமென்ட் மூட்டை எல்லாம் 12 வாரத்துக்குப் பிறகு.

நீட்டும் தசைநாண் அறுந்தவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது, அவர்களுக்கு ஸ்பிளின்டே வேறு. நுனி மட்டும் தொங்கிப்போன விரலுக்கு 6 முதல் 8 வாரம் இரவு பகலாக நேராக வைக்க வேண்டும். நடுவில் ஒரே ஒருமுறை நுனி மடங்கிவிட்டாலும் நாள் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## 11. கம்பி, தோல் ஒட்டு, இடுப்போடு தைத்த கை

எலும்புக் கம்பியைப் பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் எடுப்பார்கள். வெளியே நீட்டியிருக்கும் முனையைச் சுற்றிச் சிவந்து நீர் வடிந்தால் காட்டுங்கள். நீங்களாகத் திருகிப் பார்க்க வேண்டாம்.

தோல் பெரிதாகப் போயிருந்தால் கையை அடிவயிற்றுப் பக்கத் தோலோடு தைத்து வைப்பார்கள். சுமார் மூன்று வாரம் கழித்துப் பிரிப்பார்கள். புதுத் தோல் கையிலிருந்து ரத்தம் வாங்கப் பழகுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். தூக்கத்தில் இழுத்துவிடாதபடி அகலப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு நாள் யாராவது பக்கத்தில் விழித்திருங்கள்.

## 12. உணர்ச்சி திரும்பும் காலம்

தைத்த நரம்பு ஒரு மாதம்போல் ஓய்ந்திருந்துவிட்டு, நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். விரலின் அடியில் அறுந்திருந்தால் நுனிக்கு வர மூன்று நான்கு மாதம். மணிக்கட்டில் அறுந்திருந்தால் அரை ஆண்டுக்கும் மேல். மூன்றாவது மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மனம் உடைய வேண்டாம். தழும்பிலிருந்து நுனிப் பக்கமாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். சுர்ரென்று மின்சாரம் போலத் தெரியும் புள்ளி மாதாமாதம் முன்னேறினால் நரம்பு வளர்கிறது.

அதுவரை சூடு தெரியாது. சூடான டம்ளர், தோசைக்கல், சைலன்சர் இவற்றில் பட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். சுடுகிறதா என்று மற்ற கையால் பார்த்த பிறகே தொடுங்கள்.

தொட்டாலே கூசும் நுனிக்குப் பஞ்சு, பிறகு துண்டு, பிறகு அரிசி, பயறு என்று மென்மையிலிருந்து சொரசொரப்புக்குப் போங்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஐந்து ஐந்து நிமிடம். உணர்ச்சி வரத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு சாவி, நாணயம், பட்டன் எது என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள். மாறிய சமிக்ஞைகளை மூளை புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. குளிரில் வலிப்பது ஓரிரண்டு ஆண்டுகூட இருக்கலாம்.

## 13. தழும்பு, எரிச்சல், இரண்டாவது அறுவை

தையல் பிரித்து, புண் முழுக்க மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை வட்டமாக அழுத்தித் தேயுங்கள். மேலே வழுக்குவதில் பயனில்லை, அடியில் உள்ளது அசைய வேண்டும். நாட்டு வைத்தியக் கட்டு, சுளுக்கு எடுப்பது, வலிய மடக்குவது எதுவும் வேண்டாம்.

காயத்துக்குப் பொருந்தாத எரிச்சல், கை முழுக்க வீக்கம், வியர்வை, தோல் பளபளப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் அது வேறு நோய். வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்து சரியாகாது. சீக்கிரம் காட்ட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நன்றாகப் பயிற்சி செய்தும், மற்ற கையால் மடக்கினால் முழுக்க மடங்குகிறது, தானாக மடங்கவில்லை என்றால் தசைநாண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 3 முதல் 6 மாதத்துக்குப் பிறகு அதை விடுவிக்கும் அறுவை செய்யலாம். ஆனால் மறுநாளே வலியோடு பயிற்சி தொடங்க வேண்டும், அதற்குத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் அது உதவும். மற்ற கையால் மடக்கினாலும் மடங்கவில்லை என்றால் மூட்டே இறுகிவிட்டது. முதலில் மூட்டைத் தளர்த்திய பிறகுதான் மற்றதெல்லாம்.

## 14. தாள்கள்

ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, கையின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். கேஷுவாலிட்டியில் எப்படி நடந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். முதலாளிக்குச் சிக்கல் வேண்டாம் என்று "வீட்டில் கதவு நசுக்கியது" என்று பதிய வைத்தவர்கள் பிறகு இழப்பீட்டுக்கு அலைகிறார்கள். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு வேலையில் பட்ட காயத்துக்கு, வேலை செய்ய முடியாத காலத்தில் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்கு நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பினார்களா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள்.

## 15. வேலைக்குத் திரும்புவது

முதலில் வீட்டில் அந்த வேலையின் அசைவுகளைச் செய்து பாருங்கள். தறி ஓட்டுபவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம், தச்சர் ஸ்க்ரூ திருகிப் பார்க்கலாம். அரை மணி வேலைக்குப் பிறகு வரும் வீக்கம் மறுநாள் காலையில் வடிந்திருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். வடியாவிட்டால் பாதியாகக் குறையுங்கள்.

மருத்துவரிடம் "வேலைக்குப் போகலாம்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எத்தனை கிலோ வரை தூக்கலாம், எந்த இயந்திரம் வேண்டாம், எத்தனை வாரம் வரை என்று குறிப்பாக எழுதித் தரச் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் காட்ட ஒரு தாள் இருந்தால் வாய்ச் சண்டை வேண்டியதில்லை.

உணர்ச்சி முழுக்கத் திரும்பாத கையோடு சுழலும் இயந்திரத்தில் நிற்காதீர்கள், பிடித்து இழுப்பது தெரியாது. சுழலும் பாகத்தின் அருகே துணிக் கையுறை, மோதிரம், தொங்கும் முழுக்கைச் சட்டை எதுவும் கூடாது. அடைப்பு எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள்.

அதே இயந்திரத்தின் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். கோழைத்தனம் என்று நினைத்து வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள். காயம் பெரிதாக இருந்தவர்களிடம் இது சகஜம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது விரலைக் காட்டும் அதே மேசையில் இதையும் சொல்லுங்கள், மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைப்பார்கள். அது சரியாகும் வரை வேறு பிரிவில் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.